உடல்நல ஆப்: செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பல வீடுகளில் பெரியவர்கள் இருவர் மட்டும் ஊரில் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பிரஷர், சர்க்கரை, மாத்திரைக்கென்று ஃபோனில் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ஆப்பைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், தினமும் தொடுபவர் இன்னொருவர். சிக்கலில் பாதி இதனால்தான் வருகிறது. கீழே உள்ள பதில்கள் தினமும் தொடுபவரை மனத்தில் வைத்து எழுதியவை.

ஹெல்த் ஆப் இருந்தா டாக்டர்ட்ட அடிக்கடி போக வேண்டாமா?

போகத்தான் வேண்டும். ஆப் செய்யும் வேலை நான்கு: அளவுகளைக் குறித்துவைக்கும், மாத்திரை நேரத்தை நினைவூட்டும், மருத்துவச் சீட்டுகளைச் சேர்த்து வைக்கும், தேவைப்பட்டால் மருத்துவரோடு பேச வைக்கும். நோயைக் கண்டுபிடிப்பதும் மாத்திரையைக் கூட்டிக் குறைப்பதும் அதன் வேலை இல்லை. கேள்விக்குப் பதில் எழுதும் ஏஐ ஆப்களுக்கும் இதுவே பொருந்தும். ரிப்போர்ட்டில் உள்ள ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கலாம். “மாத்திரையை நிறுத்தலாமா” என்று அதனிடம் கேட்கக் கூடாது.

மருத்துவருக்கு நம்மோடு செலவிட ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். கடைசி இரண்டு வார அளவுகள் தேதி, நேரத்தோடு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். இப்போது சாப்பிடும் மாத்திரைகள் அதன் கீழே இருக்க வேண்டும். இந்த ஒரு பக்கத்தைத் தரும் ஆப் போதும். வண்ண வண்ணப் படங்களும் “இன்று 82 மதிப்பெண்” என்ற பாராட்டும் மருத்துவருக்குப் பயன்படாது.

அப்பத்தாவுக்கு எந்த ஆப் நல்லது? ஒரு பேரைச் சொல்லுங்க.

பெயர் சொல்வதில்லை. இன்று நன்றாக இருக்கும் ஆப் அடுத்த அப்டேட்டில் மாறிவிடுகிறது. அதற்குப் பதில் ஒரு சோதனை சொல்கிறோம். ஃபோனை அப்பத்தா கையில் கொடுத்து, நீங்கள் தொடாமல், ஒரு பிரஷர் அளவைப் பதியச் சொல்லுங்கள். திறப்பதிலிருந்து சேமிப்பது வரை நான்கைந்து தொடுதலுக்குள் முடிய வேண்டும். இரண்டு முறை காட்டிக் கொடுத்தும் மூன்றாம் முறை திணறினால் அந்த ஆப் அவருக்கு ஆகாது. குறை அவரிடம் இல்லை.

இன்னும் மூன்றைப் பாருங்கள். ஃபோனில் எழுத்தின் அளவை மிகப் பெரியதாக வைத்துவிட்டு ஆப்பைத் திறக்க வேண்டும். பல ஆப்களில் அப்போது “சேமி” பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். அடுத்து, ஏரோபிளேன் மோடில் போட்டு ஓர் அளவைப் பதிந்து, ஆப்பை மூடித் திறந்து பாருங்கள். நம் வீடுகளின் சுவர் கனத்துக்கு முகப்பில் கிடைக்கும் சிக்னல் உள்பகுதியான இரண்டாம் கட்டில் கிடைப்பதில்லை. இணையம் இல்லாமல் வேலை செய்யாத ஆப், அடுப்படிப் பக்கம் இருக்கும் ஆளுக்கு உதவாது. கடைசியாக, பதிவுகளை பிடிஎஃப் ஆக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள். சில ஆப்கள் இதற்குத்தான் காசு கேட்கும். அது முன்பே தெரிந்திருப்பது நல்லது.

எழுதப் படிக்கத் தெரியாதவுகளுக்கு என்ன வழி?

நினைவூட்டலுக்கு நம் குரலையே பதிவுசெய்து வைக்க விடும் ஆப்கள் உண்டு. பேரன் குரலில் “அப்பத்தா, காலை மாத்திரை, சாப்பிட்ட பிறகு” என்று வந்தால் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. படம் வைப்பதானால் மாத்திரை அட்டையைப் படமெடுங்கள், தனி மாத்திரையை வேண்டாம். சின்ன வெள்ளை வட்ட மாத்திரைகள் ஒன்றுபோலவே இருக்கும்.

அதுவும் சரிப்படாவிட்டால் ஏழு நாள் மாத்திரை டப்பாவும் ஃபோனில் உள்ள சாதாரண அலாரமும் போதும். டப்பாவில் அறை காலியாக இருந்தால் சாப்பிட்டாயிற்று. ஆப் இல்லாததால் குறை ஒன்றும் வராது.

அலாரம் வச்சும் அடிக்கவே மாட்டேங்குது. ஆப் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் ஃபோன்தான் ஆப்பைத் தூங்க வைத்திருக்கும். பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் ஆப்களை ஆண்ட்ராய்டு நிறுத்திவிடும். செட்டிங்ஸ், ஆப்ஸ் என்று போய் அந்த ஆப்பைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் “கட்டுப்பாடு இல்லை” என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில நிறுவன ஃபோன்களில் “ஆட்டோஸ்டார்ட்” என்று தனியாக ஒரு அனுமதி இருக்கும். அதையும் போட வேண்டும்.

ஆண்ட்ராய்டு 12 முதல் “அலாரமும் நினைவூட்டலும்” என்ற அனுமதி தனி. 13 முதல் அறிவிப்பு காட்டவே அனுமதி கேட்கும். முதல் நாள் அவசரத்தில் “வேண்டாம்” என்று தொட்டிருந்தால் பிறகு சத்தமே வராது. அதே ஆப்ஸ் பக்கத்தில் “பயன்படுத்தாவிட்டால் நிறுத்திவை” என்ற சுவிட்சையும் அணைத்து வையுங்கள். சில மாதம் திறக்காத ஆப்பின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகவே பிடுங்கிவிடும். எல்லாம் முடிந்ததும் இரண்டு நிமிடம் கழித்து அடிக்கும்படி ஓர் அலாரம் வைத்து, திரையை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். அடித்தால்தான் வேலை முடிந்தது.

சிங்கப்பூருக்கு ஃபோனோடு போய்வருபவர்கள் கவனிக்க: அங்கே நேரம் இரண்டரை மணி முன்னால். சில ஆப்கள் ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும், சில பழைய நேரத்திலேயே அடிக்கும். இன்சுலின் போடுபவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

டாக்டர் எழுதிக் கொடுத்தாக, அதை ஆப்ல எப்படிப் பதியுறது?

கம்பெனிப் பெயரோடு, அட்டையில் அதன் அருகே அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரையும் சேர்த்துப் பதியுங்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பனடோல், இங்கே வாங்கும் டோலோ, குரோசின் மூன்றிலும் இருப்பது பாராசிட்டமால்தான். பெயர் வேறு என்று காய்ச்சலுக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று என்று சேர்த்து விழுங்கினால் ஈரலுக்கு ஆபத்து. நல்ல உடம்புள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு. எத்தனை மில்லிகிராம் என்பதையும் விடக் கூடாது: பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் 2.5 வேறு, 5 வேறு.

இதைவிட முக்கியமான ஒன்று. புது மருந்தைச் சேர்த்தால் ஆப்கள் பெரும்பாலும் “தினமும்” என்று தாமாகவே போட்டுக்கொள்ளும். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் மருந்து. அதைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையும் வழக்கமாக வாரம் ஒன்றுதான். இப்படிப்பட்ட மருந்துக்குக் கிழமையைத் தேர்ந்தெடுத்து, பெயருக்கு முன்னால் “ஞாயிறு மட்டும்” என்று தமிழில் எழுதிவையுங்கள். பதிந்து முடித்ததும் அந்தப் பட்டியலை மருந்துக் கடைக்காரரிடம் காட்டிச் சீட்டோடு ஒப்பிடச் சொல்லலாம்.

கேமராவில விரலை வச்சா பிரஷர், சுகர் எல்லாம் காட்டுதே, நம்பலாமா?

கூடாது. கேமரா வெளிச்சத்தில் விரலின் ரத்த ஓட்டம் ஏறி இறங்குவது தெரியும். அதிலிருந்து நாடித்துடிப்பை ஓரளவு சொல்ல முடியும். அதற்கு மேல் நம்ப எதுவும் இல்லை. பிரஷர் பார்க்கும் என்று சொல்லி விற்ற ஓர் ஐபோன் செயலி மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2016இல் நடவடிக்கை எடுத்தது. சோதித்தபோது, பிரஷர் கூடுதலாக இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது இயல்பான அளவையே காட்டியிருந்தது. மாத்திரையை நிறுத்த வைக்கும் தவறு இது.

ஊசி குத்தாமலே சர்க்கரை காட்டுவதாகச் சொல்லும் கைக்கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டும் சென்சார் வேறு வகை. அதன் மெல்லிய ஊசி தோலுக்குள் இருக்கும். கடிகாரத்தில் வரும் இசிஜி தாறுமாறான துடிப்பைக் கண்டுபிடிக்க உதவலாம். மாரடைப்பை அது கண்டுபிடிக்காது.

அப்ப மிஷின்ல பார்க்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர் வருதே?

பிரஷர் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அது குற்றமில்லை. பார்க்கும் முறை ஒன்றுபோல இருக்க வேண்டும். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்திருக்க வேண்டும். முதுகு சாயும் நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பாதம் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல், கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே கட்டுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் பதியுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒரு முறை. மருத்துவரிடம் போகும் முன் ஏழு நாள் இப்படி எடுத்து, முதல் நாளை விட்டு மற்ற நாள்களின் சராசரியைக் காட்டினால் நல்லது. வீட்டில் எடுக்கும் சராசரி 135/85ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கூடுதல் என்று கணக்கு.

பட்டை சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். மிஷினோடு வரும் நடுத்தரப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்குத்தான். தையல் டேப்பால் மேற்கையை அளந்துவிட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் எடுக்கும் அளவும் உங்கள் ஆப்புக்குத் தானாக வராது. கேட்டு, அன்றைக்கே பதிந்துகொள்ளுங்கள்.

புளூடூத் மிஷின் வாங்கினோம். ஆத்தாவோட ரீடிங் அப்பச்சி பேர்ல போகுது.

அந்த மிஷின்களில் ஆள் 1, ஆள் 2 என்று பட்டன் இருக்கும். அழுத்த மறந்தால் கடைசியாகப் பார்த்தவர் பெயரிலேயே போகும். மிஷினில் அந்த எண்களின் மேல் ஆளுக்கொரு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தவறிப் போனதை ஆப்பில் உடனே அழித்துவிட வேண்டும். மாத முடிவில் எது யாருடையது என்று பிரிக்க முடியாது.

பேட்டரி மாற்றினால் பல மிஷின்களில் தேதி ஜனவரி 1க்குப் போய்விடும். அளவுகள் எல்லாம் பழைய தேதியில் விழுந்து, “இன்று ஒன்றுமே வரவில்லை” என்று தோன்றும். இணைப்பே கிடைக்காவிட்டால்: ஆண்ட்ராய்டு 11 வரை புளூடூத் கருவியைத் தேட இருப்பிட அனுமதி வேண்டும், 12 முதல் “அருகிலுள்ள சாதனங்கள்” அனுமதி.

மகன் சிங்கப்பூர்ல இருந்து சுகர் மிஷின் கொண்டாந்தான். 8.2ன்னு காட்டுது. ரொம்பக் குறைஞ்சிருச்சா?

குறையவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். இங்கே ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம். அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும்: 8.2 என்றால் ஏறக்குறைய 148. நினைவில் வைக்க: 3.9 என்பது 70, 5.6 என்பது 100, 7 என்பது 126, 11.1 என்பது 200.

ஆபத்து ஆப்பில்தான் வருகிறது. அம்மா இங்கே 148 என்று பதிவார். மகன் ஃபோனில் அதே ஆப் மில்லிமோலில் இருக்கும். நல்ல ஆப் தானாக மாற்றிக் காட்டும். சில ஆப்கள் எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளும். பொய்யாக ஓர் எண்ணைப் போட்டு இரண்டு ஃபோனிலும் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். ஸ்ட்ரிப்பும் அந்த மிஷினுக்கு உரியதுதான் வேண்டும், இங்கே கிடைக்குமா என்று முதலிலேயே பாருங்கள்.

70க்குக் கீழே, அதாவது 3.9க்குக் கீழே வந்தால் ஆப்பில் பதிவது பிறகு. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் குறைவாக இருந்தால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும்.

சாப்பாட்டுக் கணக்குப் போடுற ஆப்ல வெள்ளைப் பணியாரமே இல்லை. எதைப் போடுறது?

கிட்டத்தட்ட ஒத்த வெளிநாட்டுப் பலகாரத்தைப் போடாதீர்கள், கணக்கு எங்கேயோ போய்விடும். “சொந்தச் சமையல்” என்று சேர்க்கும் வசதி இருந்தால் பச்சரிசி, உளுந்து, எண்ணெய் என்று பொருளாகப் போடலாம். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி, சர்க்கரை கிராமுக்கு 4. கவுனி அரிசி இனிப்பில் கறுப்பரிசி நல்லது என்று மட்டும் பார்த்துவிட்டு அதில் போடும் சர்க்கரையையும் தேங்காயையும் விட்டுவிடுகிறார்கள். கும்மாயத்தில் கருப்பட்டியும் நெய்யும் அப்படித்தான்.

சர்க்கரை உள்ளவருக்குக் கலோரியைவிடப் பயனுள்ள கணக்கு வேறு. சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்து, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் “வெள்ளைப் பணியாரம் 4” என்று எழுதுங்கள். இன்னொரு நாள் இரண்டு சாப்பிட்டுப் பாருங்கள். குறிப்பு எழுத இடம் தராத ஆப்பை இந்த ஒரு காரணத்துக்காகவே தவிர்க்கலாம்.

பழனி பாதயாத்திரை போறோம். இன்சுலின் போடுறவுகளுக்கு ஆப் எப்படி உதவும்?

நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை இறங்கும். வழக்கமான அளவு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்தால் தாழ்ந்துவிடலாம். எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர் சொல்லி, அதன்படி அந்த நாள்களுக்குத் தனி நினைவூட்டல் வைத்துக்கொள்ள வேண்டும். குன்றக்குடியில் கிளம்பும் முன் ஒருமுறையும், தங்கும் இடம்தோறும் ஒருமுறையும் பார்த்துப் பதியுங்கள். சர்க்கரைப் பொட்டலம் காவடிச் சாமானோடு வேண்டாம், இடுப்பில் இருக்கட்டும். இரவில் பாதத்தையும் அடிப்பாகத்தையும் படமெடுத்துப் பாருங்கள். உணர்வு மங்கிய காலில் கொப்புளம் வலிக்காது, படத்தில் தெரியும்.

திறந்த இன்சுலின் பொதுவாக 30 டிகிரி வரை வெப்பத்தில் நான்கு வாரம் தாங்கும், சரியான கணக்கு அதன் அட்டையில் இருக்கும். திறந்த தேதியை ஆப்பில் குறியுங்கள்.

ஆபா கார்டு எடுத்தாச்சு. ஆஸ்பத்திரிச் செலவு அதில வந்துரும்ல?

வராது. ஆபா என்பது 14 இலக்க எண். மருத்துவப் பதிவுகளை ஒருவரோடு இணைப்பதற்கானது. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் பகுதி. செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேண்டும், அது தனி.

பழைய காகிதங்களும் ஆபாவுக்குத் தானாகப் போய்ச் சேராது, நீங்களே படமெடுத்து ஏற்ற வேண்டும். புதிய பதிவு வர, மருத்துவமனையும் அந்த அமைப்பில் சேர்ந்திருக்க வேண்டும். வேறு மருத்துவமனை உங்கள் பதிவைக் கேட்டால், எந்தத் தேதி வரையிலானது, எத்தனை நாள் பார்க்கலாம் என்று நீங்கள் தீர்மானிக்கலாம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடியும். ஆதாரில் இருப்பது நின்றுபோன பழைய ஃபோன் எண் என்றால் ஓடிபி வராது. ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

நான் வெளிநாட்டில இருந்துக்கிட்டு அம்மாவுக்காக ஆன்லைன்ல டாக்டர்ட்ட பேசலாமா?

அம்மாவும் அந்த அழைப்பில் இருப்பதே நல்லது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, நோயாளி இல்லாமல் அவர் சார்பில் பேசுபவர் அதற்கான அதிகாரம் தமக்கு உண்டென்று காட்ட வேண்டும். மருத்துவரின் பதிவு எண் சீட்டில் இருக்க வேண்டும். சில மருந்துகளை முதல் சந்திப்பில் காணொளியில் பார்த்தால்தான் எழுதலாம். போதை மருந்துச் சட்டத்துக்குள் வருபவற்றை, தூக்க மாத்திரைகளில் பலவும் அதில் அடக்கம், இந்த வழியில் கேட்டால் மருத்துவர் மறுப்பார்.

அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் கட்டணம் கிடையாது. ஃபோன் எண்ணும் ஓடிபியும் கொடுத்து டோக்கன் எடுத்துக் காத்திருக்க வேண்டும். முகப்பிலோ திண்ணையிலோ, சிக்னல் நிற்கும் இடத்தில், வெளிச்சம் முகத்தில் விழும்படி அம்மாவை உட்காரவையுங்கள். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன அந்த ஒரு பக்கம் கையில் இருக்கட்டும்.

ராத்திரி நெஞ்சுவலி வந்தா ஆப்ல எதை அமுக்கணும்?

எதையும் வேண்டாம், 108ஐ அழையுங்கள். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை விழுதல், பேச்சுக் குழறல் வந்தாலும் அதேதான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் தர வேண்டும். எப்போது ஆரம்பித்தது என்ற நேரத்தைச் சொல்லத் தெரிய வேண்டும்.

முன்கூட்டியே செய்யவேண்டியது உண்டு. ஃபோன் செட்டிங்ஸில் “பாதுகாப்பும் அவசரமும்” பகுதியில் ரத்த வகை, ஒவ்வாமை, மாத்திரைகள், அழைக்கவேண்டிய எண்களை நிரப்பினால் திரை பூட்டியிருந்தாலும் மற்றவர் பார்க்கலாம். நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. வண்டி பின்வாசல் தெருவில் வந்து நின்றால் நேரம் போகும். எந்தத் தெரு வாசல் இரவில் திறக்கும் என்பதை முகவரியோடு எழுதி ஃபோன் அருகே ஒட்டுங்கள்.

சோதனைன்னு ஃப்ரீயா போட்டோம். மாசாமாசம் காசு எடுக்குது, ஆப்பை அழிச்சும் நிக்கலை.

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, “பேமென்ட்ஸ், சந்தாக்கள்” பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். அங்கே இல்லையென்றால், பணம் அனுப்பும் யுபிஐ ஆப்பில் “ஆட்டோபே” பட்டியலைத் திறந்து அந்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும்.

சேரும்போதே அனுமதிகளையும் பாருங்கள். பிரஷர் குறிக்கும் ஆப்புக்குத் தொடர்பு எண்களும் எஸ்எம்எஸ்ஸும் தேவையில்லை. கேட்டால் மறுத்துவிடுங்கள்; மறுத்தால் ஓடாது என்றால் வேறு ஆப் தேடுங்கள்.

புது ஃபோன் வாங்கியாச்சு. பழைய கணக்கெல்லாம் போயிருமா?

கணக்கு தொடங்காமல் பயன்படுத்திய ஆப் என்றால் போய்விடலாம். பழைய ஃபோனை யாருக்கும் கொடுக்கும் முன் எல்லாப் பதிவையும் பிடிஎஃப் ஆக எடுத்து உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். புது ஃபோனில் ஆப்பைப் போட்டதும் பழைய எண்கள் வருகின்றனவா, மாத்திரை நேரங்கள் சரியா என்று பார்த்து, மேலே சொன்ன அலாரம் அனுமதிகளையும் முதலிலிருந்து கொடுங்கள். அவை ஃபோனோடு வருவதில்லை.

இனி அந்த ஆப்பே வேண்டாம் என்றால் கணக்கையும் அழியுங்கள். கணக்கு தொடங்க விடும் ஆப்கள் அழிக்கவும் வழி தர வேண்டும் என்பது பிளே ஸ்டோரின் விதி. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் தகவலை அழிக்கக் கோரும் உரிமையைச் சொல்கிறது. வரிசை முக்கியம்: முதலில் பிடிஎஃப், பிறகு சந்தா ரத்து, பிறகு கணக்கு, கடைசியில் ஆப்.